குன்னூர் டிரங்குப் பெட்டி: சாவி கொடுக்கும் பொம்மைகள் துருப்பிடித்த ஒரு நிகழ்வு

குன்னூரில் ஒரு வீட்டின் இரும்பு டிரங்குப் பெட்டிக்குள் அறுபது வருடத்துக்கு மேல் பத்திரமாக இருந்த சாவி கொடுக்கும் பொம்மைகள், கடந்த சில வருடங்களில் மளமளவென்று துருப்பிடித்துப் போயின. வீட்டார் மலைக் குளிரையும் ஈரத்தையும்தான் குறை சொன்னார்கள். ஈரத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் முக்கியக் காரணம் பெட்டிக்குள்ளேயே, மற்ற பொம்மைகளுக்கு நடுவில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த விதம், எடுத்த முடிவுகள், அப்புறம் நடந்தவை எல்லாவற்றையும் வீட்டாரின் அனுமதியோடு எழுதுகிறேன். பெயர்களையும் எஸ்டேட் விவரத்தையும் விட்டுவிட்டேன். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படிப் பெட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் படிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

பின்னணி

பெட்டி பாட்டியுடையது. எண்பது வயதைக் கடந்தவர். அவருடைய மாமனார் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். 1950-களின் கடைசியில் துரை குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, பிள்ளைகள் விளையாடிவிட்டு விட்டுப்போன பொம்மைகளைத் துரைசானி இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் பெட்டி திறக்கும். பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாவி கொடுத்து ஓட விடுவார்கள். பொழுது சாய்ந்ததும் பாட்டியே செய்தித்தாளில் சுற்றி உள்ளே வைத்துவிடுவார்.

பேரப்பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிறகு அந்த வழக்கம் நின்றது. பெட்டியைத் திறக்க ஆள் இல்லை. மூடுபனி உள்ளே இறங்கிவிடக் கூடாதே என்று மூடியின் விளிம்பைச் சுற்றி அகலமான டேப் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் ஷீட்டும் போர்த்தி, கணப்புக்குப் பக்கத்து மூலையில் வைத்துவிட்டார்கள். அக்கறையோடு செய்த காரியம். பின்னால் நடந்ததற்கு அதுதான் முக்கியத் திருப்பம் என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

போன ஐப்பசி மாதம் ஒரு பழம்பொருள் வியாபாரி வந்து, பெட்டியை மொத்தமாக விலை பேசினார். துருவைச் சுரண்டி, புதுப் பெயின்ட் அடித்துக் கொடுத்தால் கூடுதலாகத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். வீட்டு மாப்பிள்ளை ஒரு பொம்மை லாரியை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க, கூரையில் இருந்த பச்சைப் பெயின்ட் பாதி கையோடு வந்துவிட்டது. பாட்டி அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை வழக்கமாகப் பழுது பார்க்கும் ஊட்டிக்காரர் என் நண்பர். அவர் மூலமாகத்தான் விஷயம் என்னிடம் வந்தது. நான் தகரப் பொம்மை சேகரிப்பவன். எந்திரத்தைத் திறக்கும் கை அவருடையது.

பெட்டியில் இருந்தவை

"இதெல்லாம் நூறு வருஷத்துச் சாமான் தம்பி" என்றார் பாட்டி. குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். அதனால் ஒரு பயமும் இருந்தது: தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றமாகிவிடுமோ என்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இதுபோன்ற பொருளுக்குக் குறைந்தது நூறு வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே முதலில் வயதைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பொம்மையின் வயதை அதன் அடிவயிற்றில் பார்க்க வேண்டும். ஷூக்கோ கார் ஒன்று இருந்தது: எக்ஸாமிக்கோ 4001, பி.எம்.டபிள்யூ. 328 காரின் சாயலில் 1936-ல் வந்த மாதிரி, கியர் மாற்றும் லீவரோடு. ஷூக்கோ 1912-ல் நியூரம்பெர்க்கில் தொடங்கிய கம்பெனி. அடித்தகட்டில் 'மேட் இன் யு.எஸ். ஸோன் ஜெர்மனி' என்று அச்சு இருந்தது. போரில் தோற்ற ஜெர்மனியை நான்கு நாடுகள் பிரித்து ஆண்டபோது நியூரம்பெர்க் அமெரிக்கப் பகுதியில் வந்தது. ஆகவே மாதிரி 1936-ஐச் சேர்ந்தது என்றாலும், இந்தக் கார் 1945-க்குப் பிந்தியது.

புளி பட்ட லாரி, லண்டன் லைன்ஸ் பிரதர்ஸ் 1935 முதல் செய்த மினிக் வரிசையில் ஒன்று. ரயில் என்ஜின் ஹார்ன்பி. 1901-ல் மெக்கானோ என்ற, உலோகத் துண்டுகளைத் திருகி இணைக்கும் பொம்மைக்குக் காப்புரிமை வாங்கிய அதே ஃபிராங்க் ஹார்ன்பி, லிவர்பூலில் 1920-ல் தொடங்கிய ரயில் வரிசை அது. தவழும் பாப்பா ஒன்று இருந்தது. முதுகுக்கு அடியில் சாவி, மேலே துணிச் சட்டை. தலை, கை, கால் எல்லாம் மெல்லிய, தோல் நிறத்து செல்லுலாய்ட் என்ற பழைய கால பிளாஸ்டிக். அதில் 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று பொறித்திருந்தது. ஜப்பானை அமெரிக்கப் படை ஆண்ட காலத்தில், 1947 முதல் 1952 வரை, ஏற்றுமதிச் சரக்கில் இருந்த முத்திரை இது. இவை தவிர, தலையாட்டிக்கொண்டு கொத்தும் கோழி ஒன்று, டிரம் அடிக்கும் கரடி ஒன்று. அப்புறம் எம்.எஸ். என்ற எழுத்தோடு எண் போட்ட தாவும் தவளை. அது சீனாவில் பின்னாளில் செய்தது, பேரன் கண்காட்சியில் வாங்கி உள்ளே போட்டிருக்கிறான்.

ஆக, பழையவற்றில் பெரும்பாலானவை 1930-களுக்கும் 1950-களின் தொடக்கத்துக்கும் நடுவில் செய்தவை. நூறு வயது எதற்கும் ஆகவில்லை. சட்டப் பயம் தீர்ந்தது. பாட்டிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

துரு எங்கே இருந்தது, எங்கே இல்லை

மூடியைத் தூக்கியதும் கற்பூர வாடை அடித்தது. "துரைசானி பூச்சி வராம இருக்க சூடம் போட்டு வெச்சிருப்பாங்க" என்றார் மகள். பெட்டி முழுக்கத் தேடியும் சூடம் இல்லை, அந்துருண்டையும் இல்லை. வாடைக்கு அடியில் மூக்கை உறுத்தும் ஒரு புளிப்பும் இருந்தது.

எதையும் நகர்த்துவதற்கு முன் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்தோம். இந்த ஆய்வுக்கே ஆதாரம் அந்தப் படங்கள்தான். மழை ஈரம் இறங்கியிருந்தால் பெட்டியின் அடித்தகடு முதலில் போயிருக்கும். இங்கே அடி சுத்தமாக இருந்தது. துரு மூடியின் உட்பக்கத்தில், அதுவும் ஒரு தட்டு அகலத்துக்கு வட்டமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. அதற்கு நேர் கீழே தவழும் பாப்பா.

பாப்பாவுக்கு இடப்பக்கம் இருந்த கோழியின் கொண்டை அடையாளம் தெரியாமல் அரித்திருந்தது. வலப்பக்கம் இருந்த கரடியின் பித்தளைப் பல்சக்கரங்கள் மேல் பச்சையாகப் பூத்திருந்தது. மூலையில், தன் சொந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்த ஷூக்கோ காருக்கோ ஓரத்தில் இரண்டு புள்ளி மட்டும்தான் துரு. ஒரே பெட்டி, ஒரே மலை, ஒரே மழை. பாப்பாவிலிருந்து தள்ளி இருந்த அளவுக்குப் பொம்மை பிழைத்திருந்தது.

பாப்பாவைக் கிட்டத்தில் பார்த்தபோது மற்றதும் புரிந்தது. கன்னம் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. தோளில் கண்ணாடி நொறுங்கியது போல உள்ளுக்குள்ளேயே சின்னச் சின்ன விரிசல்கள். விரலை வைத்தால் லேசாக ஒட்டியது. சட்டைத் துணி தொட்ட இடத்தில் பொடியாக உதிர்ந்தது. உள்ளே இருந்த இரும்பு எந்திரம் ஒரே துருக்கட்டி.

செல்லுலாய்ட் என்பது பஞ்சின் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, மென்மைக்காகக் கற்பூரம் கலந்து செய்வது. வயதாக ஆகக் கற்பூரம் ஆவியாகிறது. வாடை அதிலிருந்து வந்ததுதான். கூடவே நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் கசிகின்றன. காற்றில் ஈரம் இருந்தால் அவை நைட்ரிக் அமிலமாகி இரும்பையும் பித்தளையையும் அரிக்கும். அந்த அமிலமே செல்லுலாய்டைத் திரும்பத் தாக்கிச் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். காற்றோட்டம் இருந்தால் வாயு வெளியேறிவிடும். வருடத்துக்கு இரண்டு முறை பெட்டி திறந்து, பொம்மைகள் நாள் முழுக்க வெளியே இருந்த காலத்தில் அதுதான் நடந்திருக்கிறது. டேப் ஒட்டிய பிறகு வாயு போக வழியில்லை.

சந்தேகத்தைச் சோதித்த விதம்

வாடையை மட்டும் வைத்து முடிவு கட்ட எனக்கு மனமில்லை. பழைய செய்தித்தாளிலும் அட்டையிலும்கூட அமிலம் உண்டு. வீட்டுப் பேத்தி பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவர் அமிலம் பட்டால் சிவக்கும் நீல லிட்மஸ் தாள் கொண்டுவந்தார். ஒன்றை நனைத்துப் பாப்பாவோடு ஒரு மூடிய டப்பாவில் தொங்கவிட்டோம். இன்னொன்றைப் பெட்டியில் இருந்த செய்தித்தாள்களோடு வேறொரு டப்பாவில். மறுநாள் காலை முதல் தாள் சிவந்திருந்தது. இரண்டாவது அநேகமாக நீலமாகவே இருந்தது.

அதோடு பளபளவென்று தேய்த்த செப்புத் தகட்டுத் துண்டுகளையும் தயார் செய்தோம். ஒரு துண்டு பாப்பாவின் பக்கத்தில், ஒன்று மற்ற பொம்மைகளோடு. லிட்மஸ் ஒரு ராத்திரிக்குப் பதில் சொல்லும். செம்பு ஒரு மழைக்காலத்துக்கே சாட்சியாக இருக்கும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு பாப்பாவைப் பிரிப்பது. இதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. தூக்கிப் போட்டுவிடலாம் என்றார் மாப்பிள்ளை. ஆனால் அந்த வீட்டில் மூன்று தலைமுறை அதிகம் கொஞ்சிய பொம்மை அதுதான். விற்றால் என்ன வரும் என்பதெல்லாம் பாட்டிக்குப் பொருட்டே இல்லை. எனக்கும் அதை அழிக்க மனம் வரவில்லை. சிதைவு தொடங்கிய செல்லுலாய்டைச் சரிசெய்ய முடியாது, வேகத்தைத்தான் குறைக்கலாம் என்று மறைக்காமல் சொன்னோம். எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்து, அளவு குறித்து, துளை போட்ட அட்டைப்பெட்டியில் அமிலமற்ற வெள்ளைத் தாள் விரித்து வைத்தோம். வீட்டின் வடக்குப் பக்க அறை குளிர்ந்த, காற்று வரும் அறை. அங்கே தனி அலமாரியில் போனது.

கணப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொன்னேன். செல்லுலாய்ட் சட்டென்று பற்றிக்கொள்ளும். அதனால்தான் 1950-களோடு பொம்மைத் தொழில் அதைக் கைவிட்டது. இந்தப் பெட்டி இத்தனை வருடம் கணப்புக்குப் பக்கத்தில் இருந்தது. சாமி விளக்கு, ஊதுவத்தி எதுவும் இனி அந்த அறைக்குள் வேண்டாம் என்று முடிவானது.

அடுத்தது பெயின்ட். புதுப் பெயின்ட் கிடையாது என்பதில் நானும் நண்பரும் ஒரே பேச்சு. கோழியிலும் கரடியிலும் நிறம் என்பது லித்தோ அச்சு. தட்டையான தகரத் தகட்டில் முதலில் படத்தை அச்சடித்து, பிறகு வெட்டி, வளைத்து, நாக்குகளைத் துளைகளில் நுழைத்து மடக்குவார்கள். கோழியின் ஒவ்வொரு இறகும் அச்சில் வந்தது. அதன் மேல் தூரிகை பட்டால் அது வேறு பொம்மை. சேகரிப்பவர்களும் தேய்ந்த அசலுக்குத்தான் மதிப்புக் கொடுப்பார்கள். துருவின் தூளை மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்து, அரித்த இடத்தில் மட்டும் மெல்லிய மெழுகு பூசினோம். தின்னர், பிராசோ, புளி எதுவும் தொடக் கூடாது என்று எழுதியே கொடுத்தோம்.

மூன்றாவது, தகரப் பொம்மைகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை கனமாக உண்டு. அந்த வீட்டில் வைத்த ஈரப்பதமானி கார்த்திகை முழுக்க 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. இரும்புக்கு 50-க்குக் கீழே இருந்தால் நல்லது. இறுக்கி மூடுவது தகரத்துக்கு நல்லது, செல்லுலாய்டுக்கு எமன். இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு எந்தப் பக்கம் பார்த்தாலும் தப்பாகத்தான் போகும்; அதனால் பிரிப்பது முதல் வேலையாக இருந்தே ஆக வேண்டும்.

என்ஜினுக்குள்

ஹார்ன்பி என்ஜினின் கதை தனி. "அளவுக்கு மீறிச் சாவி குடுத்து ஸ்பிரிங் அறுந்துபோச்சு" என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நண்பர் சாவியை அரைச் சுற்றுத் திருப்பிப் பார்த்தார். அதற்கு மேல் நகரவில்லை. ஸ்பிரிங் அறுந்திருந்தால் சாவி பிடிமானமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இங்கே முழுசாக முறுக்கேறிய ஸ்பிரிங் வருடக்கணக்கில் அப்படியே நிற்கிறது. பல்சக்கரங்கள்தான் ஓட மறுக்கின்றன. அந்த நிலையில் எந்திரத்தைப் பிரித்தால் ஸ்பிரிங் கையைக் கிழித்துவிடும்.

அடிப்பக்கம் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது சக்கரங்களின் பல் இடுக்குகளில் வெள்ளையாக, மெழுகு போல ஏதோ அப்பியிருந்தது. தேங்காய் எண்ணெய். யாரோ அன்போடு விட்டிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குன்னூரில் வருடத்தில் பெரும்பாலான நாள் அது உறைந்துதான் இருக்கும். கணப்புப் பக்கத்தில் வைத்து விளையாடியபோது சில நேரம் ஓடியதாகப் பாட்டி சொன்னதும் பொருந்தியது.

நண்பர் சாவியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, தடுப்புக் கொக்கியைக் குச்சியால் தூக்கி, ஒவ்வொரு பல்லாக விட்டு முறுக்கை இறக்கினார். அவசரமே இல்லை. பிறகு சிரிஞ்சில் வெள்ளை பெட்ரோலை எடுத்து, திறந்த வாசலில் வைத்து, அச்சுத் துளைகளில் பீய்ச்சிக் கழுவினார். மேல்கூட்டின் தகர நாக்குகளை நிமிர்த்தவே இல்லை. மடித்து நிமிர்த்தி மடித்தால் இரண்டு மூன்று முறையில் ஒடிந்துவிடும். காய்ந்த பின் ஒவ்வொரு அச்சு முனையிலும் ஊசி நுனியளவு கடிகார எண்ணெய். சாவி கொடுத்ததும் உள்ளே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் விர்ரென்று சுற்ற, சக்கரங்கள் காற்றில் ஓடின.

தண்டவாளத்தில் விடவில்லை. ஒரு சக்கரம் உப்பி, குறுக்காக விரிசல் விட்டிருந்தது. இதற்குப் பாப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்பில் துளி ஈயம் கலந்திருந்தால், வருடங்கள் ஆக ஆக உலோகம் உள்ளுக்குள்ளேயே பெருத்து உடையும். அந்தக் கால வார்ப்புகளில் அடிக்கடி பார்ப்பதுதான். ஈரம் அதைத் துரிதப்படுத்தும், மருந்து கிடையாது. மாற்றுச் சக்கரம் கிடைக்கும் என்றாலும் அசலைக் கழற்றும்போது நொறுங்கிவிடும் என்பதால், ஓட்டாமல் அப்படியே வைத்திருக்கலாம் என்று வீட்டார் தீர்மானித்தார்கள்.

பின்னால் நடந்தவை

வியாபாரி மறுபடி வந்தபோது பாட்டி பெட்டியை மொத்தமாகக் கொடுக்க மறுத்தார். ஷூக்கோ காரை மட்டும், அடி அச்சின் படத்தையும் துருப்புள்ளிகளின் படத்தையும் காட்டி, கோவையில் ஒரு சேகரிப்பாளருக்கு விற்றார்கள். பெயின்ட் அடிக்காத கார் என்பதைத்தான் வாங்கியவர் முதலில் உறுதி செய்துகொண்டார்.

மழைக்காலம் முடிந்து தை மாதம் இரண்டு இடத்தையும் திறந்து பார்த்தோம். டப்பாவில் இருந்த செப்புத் துண்டு போட்டபடியே பளபளத்தது. கரடியின் சக்கரங்களில் புதிதாகப் பச்சை பூக்கவில்லை. சிலிக்கா ஜெல் ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறியிருந்ததால் மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்பப் போட்டோம். பாப்பாவின் பக்கத்தில் இருந்த செப்புத் துண்டு, காற்றோட்டம் இருந்தும், மங்கி ஓரத்தில் பச்சை தட்டியிருந்தது. இடது கை தோளோடு பிளந்திருந்தது. வாடை முன்னைக்குக் குறைவுதான். சிதைவு நிற்கவில்லை, அடங்கியிருக்கிறது என்பதே எங்கள் கணிப்பு.

இனி எப்படிச் செய்ய வேண்டும்

பழைய பொம்மைப் பெட்டி கைக்கு வந்தால் துடைப்பதும் விலை கேட்பதும் அப்புறம். முதலில் இருந்த இடத்திலேயே படம்; அடுத்து வாடை; அடுத்து தகரம் ஒரு பக்கம், செல்லுலாய்ட் ஒரு பக்கம். வீடு பெரியதாக இருந்தால் செல்லுலாய்ட் வேறு அறை. எண்ணெய் விடுவதானால் கடிகார எண்ணெய், அதுவும் பழையதைக் கழுவிய பிறகு. இறுகி நிற்கும் எந்திரத்தைக் கடிகாரம் தெரிந்தவர் கையில் கொடுத்து, முறுக்கை இறக்கச் சொல்ல வேண்டும்.

இந்த வீட்டிலேயே இன்னொரு வேலை மீதி இருக்கிறது. செல்லுலாய்ட் பொம்மையில் மட்டும் இருந்த பொருள் இல்லை. பழைய சீப்பு, மூக்குக்கண்ணாடிச் சட்டம், 2014 வரை போட்டிகளில் ஆடிய டேபிள் டென்னிஸ் பந்து, 1951-க்கு முந்தைய சினிமாச் சுருள் எல்லாம் அதே இனம். பாட்டியின் பீரோவில் துரைசானி கொடுத்த சீப்பு செட் ஒன்று வெள்ளிப் பாத்திரங்களோடு துணியில் சுற்றி இருப்பதாகப் பேத்தி போன வாரம் சொன்னார். அதைப் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிப் பாத்திரங்களை இன்னும் பார்க்கவில்லை.